ஈ உட்காரும் இடமும் ஈ பிறக்கும் இடமும்

மெரினாவில் தொடங்கிக் கோவளம் வரை கடற்கரையில் குதிரை வைத்துப் பிழைக்கும் அண்ணன் தம்பிகளுக்கு,

கத்திரி தொடங்க அதிக நாள் இல்லை. சனி, ஞாயிறு மாலையில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேகத்தில் ஈயைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. குதிரைக்கு அதைத் தவிர வேறு யோசனையே இல்லை. தலையை உதறுகிறது, காலை ஓங்கி மிதிக்கிறது, வாலை வீசிக்கொண்டே இருக்கிறது, ஆள் ஏறும் நேரத்தில் சட்டென்று நகர்கிறது. ‘சேட்டை பண்ணுது’ என்று கடிவாளத்தைச் சுண்டுகிறீர்கள். சேட்டை பண்ணுவது குதிரை இல்லை.

கால்நடை மருத்துவமனை வேலையில் தலை நரைத்தவன் நான். திருவல்லிக்கேணியில் குடியிருப்பதால் காலையில் நடக்கக் கடற்கரைக்குத்தான் வருவேன். குதிரையைக் கடற்கரையை விட்டே அனுப்ப வேண்டும் என்று மனு எழுதுபவர்களில் நான் ஒருவன் அல்ல. அந்த வழக்கைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். குதிரை உங்களிடம் இருக்கிறவரை அது கொஞ்சம் நிம்மதியாக நிற்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். அதில் உங்களுக்குக் காசும் மிச்சம்.

உங்கள் கைவசம் இருக்கும் வைத்தியங்கள் எனக்குத் தெரியும். மண்ணெண்ணெயை எண்ணெயில் கலந்து காலில் தடவுவது ஒன்று. மெக்கானிக் ஷெட்டில் கழிவு ஆயில் வாங்கி வந்து அடிவயிற்றில் பூசுவது இன்னொன்று. மாட்டு உண்ணிக்கு விற்கும் மருந்தைப் பக்கெட் தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் ஊற்றுவது மூன்றாவது. சாயங்காலம் லாயத்தில் மூட்டம் போடுவது நான்காவது. இதில் ஒன்று பாதி சரி. இரண்டு தோலைக் கெடுக்கும். ஒன்று குதிரையைக் கொன்றே விடலாம். எது எது என்று போகப்போகச் சொல்கிறேன். அதற்கு முன், நான்குக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. நான்கும் ஈ வந்து உட்காரும் இடத்தைத்தான் பார்க்கின்றன. ஈ பிறக்கும் இடத்தை எதுவும் தொடுவதில்லை. இன்று உங்கள் குதிரை மேல் மொய்க்கும் ஈக்களில் ஏராளமானவை, சில நாட்களுக்கு முன் அதே குதிரையின் லத்தியிலும் அது நின்ற ஈர வைக்கோலிலும் புழுவாக நெளிந்தவை.

கண்ணோரத்திலும் மூக்கிலும் மொய்ப்பது சாதாரண வீட்டு ஈ. அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. கண்ணீர், பீளை, வியர்வை, புண்ணில் கசியும் நீர் இவற்றை நக்கிக் குடிக்கும். காலில் உட்கார்வது வேறு ஜாதி. எட்ட நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது, குனிந்து பாருங்கள். தலைக்கு முன்னால் ஊசி போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும், உட்கார்ந்திருக்கும்போது தலை பெரும்பாலும் மேலே பார்த்திருக்கும். இதை லாய ஈ என்று வைத்துக்கொள்வோம். கொசுவில் பெண் மட்டும்தான் ரத்தம் குடிக்கும். இதில் ஆணும் குடிக்கும். வால் எட்டாத இடம் அதற்குத் தெரியும், அதனால்தான் முன்னங்காலைத் தேடி வருகிறது. சில நிமிடங்களில் வயிறு நிரம்பியதும் எழுந்து போய்ச் சுவரிலோ கட்டைவேலியிலோ உட்கார்ந்து செரிக்கும். அதன் இடத்துக்கு அடுத்தது வரும். ஆகவே காலில் நாலைந்து ஈதானே என்று எண்ணாதீர்கள். நீங்கள் பார்க்கும் நாலைந்து, பந்தியில் அந்த நேரத்துக்கு உட்கார்ந்திருப்பவை மட்டும்தான்.

நாள் முழுக்கக் காலை மிதிக்கும் குதிரைக்கு லாடம் தளரும், ஆணி கழலும், குளம்பின் ஓரம் பெயரும். தீனித் தொட்டியில் வாய் வைத்த குதிரை ஈ கடிக்கும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிவிடும். வாங்கிப் போடும் கொள்ளும் புல்லும் உடம்பில் ஒட்டாது. லாடக்காரருக்குக் கொடுக்கும் காசையும் தீனிக் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், ஈக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று தெரியும்.

இப்போது பிறக்கும் இடத்துக்கு வருவோம். வீட்டு ஈக்குப் புது லத்தி பிடிக்கும். லாய ஈக்கு மூத்திரத்தில் ஊறி அழுகிய வைக்கோல் வேண்டும். லாயத்துக்கு லாயம் இரண்டும் தயாராகக் கிடக்கின்றன. ஒரு பெண் வீட்டு ஈ ஒரே தடவையில் 100-க்கு மேல் முட்டையிடும். கோடையில் ஒரு நாளுக்குள் அது புழுவாகிவிடும், 7 முதல் 10 நாளில் இறக்கை முளைத்துப் பறக்கும். லாய ஈக்கு இன்னும் கொஞ்சம் கூட, இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ‘வாரத்துக்கு ஒரு தடவை லத்தி அள்ளிடுறோம் சார்’ என்ற வழக்கமான பதிலை நினைத்துப் பாருங்கள். வாரம் ஒரு தடவை அள்ளுவது ஈக்குத் தொட்டில் கட்டி ஆட்டுவதுதான். தினமும் அள்ள வேண்டும். முடியாத நாள் ஒன்று போனால் போகட்டும், இரண்டு நாளைத் தாண்டக் கூடாது.

உங்கள் குதிரையின் அளவுக்கு நாளைக்கு 15 முதல் 20 கிலோ லத்தி விழும். நாலு குதிரை நிற்கும் லாயத்தில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய அரை டன். இதை அள்ளிச் சுவர் ஓரம் குவிப்பதில் பயனில்லை, ஈக்கு வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் இப்போது மாடித்தோட்டம் வைக்காதவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஈசிஆர் நெடுக நர்சரிகள் இருக்கின்றன. அவர்களில் இரண்டு பேரை வாடிக்கையாகப் பிடித்துவிட்டால், சாக்கில் கட்டி வாயை இறுக்கிவைக்கும் லத்தி இரண்டு நாளுக்கு ஒரு தடவை தானாகப் போய்விடும். திறந்த இடம் இருப்பவர்கள் மணலில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். கத்திரி வெயில் உங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரம் அதுதான், ஈரம் போன லத்தியில் புழு பிழைக்காது. இரண்டுக்கும் வழியில்லை என்றால் குவியலைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி ஓரங்களை மண்ணால் அழுத்துங்கள். நன்றாக மக்கும் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடாகும், அங்கே புழு வேகும். புழு வாழ்வது வெளிப்பக்கத்துச் சூடில்லாத அடுக்கில். மூடினால் அந்த அடுக்கும் சூடாகும். வாரம் ஒரு தடவை வெளியே இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டினால் மிச்சமும் போகும். நாலு நாட்டுக்கோழி வளர்த்தால் கிளறித் தின்கிற வேலையை அவை பார்த்துக்கொள்ளும். லத்திக் குவியல் மேல் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் பொடிக் குளவிகள் அந்தக் குவியலில் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன. மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும்.

லத்தியைவிட மோசம் வைக்கோல். மேலே காய்ந்து தெரியும், கையை விட்டுப் பார்த்தால் அடியில் கூழாக இருக்கும். மூத்திரம் தேங்கும் மூலையை மட்டுமாவது தினமும் எடுத்துவிட்டுத் தரையைக் காயவிடுங்கள். குதிரை வெளியே போயிருக்கும் நேரத்தில் ஈர இடத்தில் சுண்ணாம்புத் தூள் லேசாகத் தூவலாம். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். நம் ஊரில் எங்கே நாற்றம் வந்தாலும் பிளீச்சிங் பவுடரை வாரி இறைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் கிளம்பும் வாயு கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும், உங்களுக்கும் சேர்த்துத்தான். தீனித் தொட்டியின் அடியையும் பாருங்கள். ஊறவைத்த கொள்ளும் தவிடும் சிந்திப் புளித்துக் கிடந்தால் ஈக்கு அதுவும் பிரசவ அறை.

‘நாங்க சுத்தமா வெச்சாலும் மீன் கடைப் பக்கத்துல இருந்து வருதே’ என்பீர்கள். வரும், இல்லையென்று சொல்லவில்லை. நொச்சிக்குப்பம் பக்கத்து மீன் கழிவும் பஜ்ஜிக் கடைக் குப்பையும் உங்கள் கையில் இல்லை. மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து கரையில் தள்ளும் ஆகாயத்தாமரையும் உங்கள் கையில் இல்லை. ஈரமாக அழுகும் செடி கொடி எதுவானாலும் லாய ஈக்கு ஏற்றதுதான். அமெரிக்காவின் புளோரிடா கரையில் ஒதுங்கும் கடற்புல் குவியலில் இந்த ஈ பெருகிக் குளிக்க வந்தவர்களின் கணுக்காலைக் கடித்து விரட்டுவது பழைய தொல்லை. ஆனாலும் உங்கள் குதிரைக்குப் பத்தடி தூரத்தில் பிறக்கும் ஈயை நிறுத்தினால் தொல்லை எவ்வளவு குறைகிறது என்பதை ஒரே மாதத்தில் குதிரையின் காலே சொல்லிவிடும்.

கடற்கரைக்காரர்களான உங்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு, காற்று. சென்னைக் கோடையில் கடல்காற்று நண்பகலை ஒட்டி எழும். தாமதமாகும் நாள்தான் நகரம் கொதிக்கும் நாள். காற்று அசையும் இடத்தில் ஈயால் நிலைத்து உட்கார முடியாது. அந்தி சந்தியில் வரும் பொடிக்கொசுவால் சுத்தமாக முடியாது. கடுகைவிடச் சின்னதான அந்தக் கொசு கடித்துத்தான் பிடரியிலும் வால் அடியிலும் முடி கொட்டும்வரை குதிரை சுவரில் தேய்க்கிறது. பலர் அதைச் சொறி என்று நினைத்துக் கந்தகம் பூசுகிறார்கள். ஆக, ஓய்வு நேரத்தில் குதிரையைக் கட்டும் இடம் நிழலும் காற்றும் சேர்ந்ததாக இருக்கட்டும். கடைகளின் முதுகுப்பக்கம், படகுகளுக்கு நடுவே, சுவர் மூலை என்று காற்று அடைபடும் இடத்தில் கட்டாதீர்கள். லாயத்தில் ஒரு ஃபேன் போட்டால் மருந்துக்குக் கொடுக்கும் காசைவிட அது உருப்படியான செலவு. ஒயர் மட்டும் குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது.

மதிய வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமை சுமக்கிற, வண்டி இழுக்கிற விலங்குகளுக்காக 1965-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளில், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த நேரத்தில் மணலில் கால் வைக்க ஆளும் வருவதில்லை. வராத சவாரிக்காகக் குதிரையை வெயிலில் நிறுத்தி வியர்க்க வைத்தால், அந்த வியர்வைதான் ஈக்கு அழைப்பு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் வியர்வையைக் கழுவிவிடுங்கள். கடலில் இறக்கிக் குளிப்பாட்டுவது குதிரைக்குப் பிடிக்கலாம், பார்க்கவும் அழகுதான். அதன்பிறகு நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் தோலில் உப்புப் படிந்து அரிக்கும். சோப்பு தினமும் தேவையில்லை.

உடம்புக்குச் செய்ய வேண்டியதில் முதலாவது, குதிரையிடம் ஏற்கெனவே இருப்பதை வெட்டாமல் இருப்பது. கல்யாண ஊர்வலத்துக்கு அலங்காரம் பண்ணுகிறவர்கள் நெற்றி முடியைக் கத்தரித்துவிட்டு அங்கே பிளாஸ்டிக் பூவைத் தொங்கவிடுகிறார்கள். நெற்றி முடி கண்ணுக்குத் திரை. வாலைக் கட்டையாக வெட்டிய குதிரைக்கு அடிவயிறும் தொடையும் காவலில்லாமல் போகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், வால் அடித்து விரட்டுவதைவிட அது வீசி எழுப்பும் காற்றுதான் கொசுவை இறங்கவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். அந்தக் காற்று ஏறக்குறைய பாதிக் கொசுவைத் திருப்பி அனுப்பிவிடுகிறதாம். வாலில் சிக்குப் பிடிக்காமல் வாரிவிடுங்கள், அது போதும். பழைய சேணங்களில் நெற்றிப்பட்டையில் நூல் குஞ்சம் தொங்கும் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. தலை ஆடும்போதெல்லாம் கண்ணுக்கு முன்னால் குஞ்சம் ஆடி ஈயைக் கலைக்கும். பருத்தி நூலில் நீங்களே கட்டலாம்.

கண்ணில் அதிகம் மொய்த்தால் கொசுவலைத் துணியில் முகமூடி தைக்கலாம். கண்ணிமையில் உரசாதபடி முன்பக்கம் தூக்கலாக நிற்க வேண்டும், ஓரங்கள் மெத்தென்று இருக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் போட்டு, சவாரிக்கு முன்பும் இருட்டிய பிறகும் கழற்றிவிடுங்கள். உடம்புக்குப் பழைய வெள்ளை வேட்டியைவிட நல்ல போர்வை கிடையாது: மெல்லிசு, வெளுப்பு, பருத்தி. நிழலில் நிற்கும் நேரத்தில் முதுகிலிருந்து தொடைவரை தொங்கப் போட்டுக் கழுத்திலும் வால் அடியிலும் தளர்வாகக் கட்டலாம். நனைத்துப் போடாதீர்கள்; காற்றில்லாத இடத்தில் ஈரத்துணி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். காலைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், நரம்பு வீங்கும்.

எண்ணெய் விஷயம். வேப்பெண்ணெய் நல்லதுதான், ஆனால் தனியாகப் பூசினால் சில குதிரைகளுக்குத் தோல் பொரிந்துவிடும். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்குப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, முதலில் கழுத்தில் ஒரு இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, காலிலும் அடிவயிற்று நடுக்கோட்டிலும் காதின் வெளிப்பக்கமும் தொட்டுத் தடவுங்கள். உடம்பெல்லாம் பூசி மெழுகினால் வெயிலில் குதிரை வெந்துபோகும். அது உடம்பு குளிர்வது வியர்த்துத்தான். சேணம் உட்காரும் இடத்தில் எண்ணெய் கூடவே கூடாது. வியர்வை வந்தால் சில மணி நேரத்தில் எண்ணெய் போய்விடும், மறுபடி தடவ வேண்டியதுதான். மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும்தான் நான் சொன்ன தோலைக் கெடுக்கும் இரண்டு. ஈ கொஞ்ச நேரம் வராது, உண்மை. தோல் உரிந்த பிறகு முன்னைவிட அதிகம் வரும். கழிவு ஆயிலில் என்னென்ன உலோகத் தூள் இருக்கிறதோ, குதிரை அதைத்தான் நக்குகிறது.

மூட்டம் பாதி சரி. திறந்த வெளியில், காற்று வரும் திசையில் கொஞ்சம் தள்ளி, வேப்பிலையும் நொச்சியும் போட்டு மெல்லிய புகை விட்டால் அந்தி நேரத்துக் கொசு கலையும். மூடிய லாயத்துக்குள் போடுவது கொடுமை. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. அந்தப் புகை அத்தனையும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. கோடை முழுக்க இருமும் குதிரைக்கு இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டது மூட்டத்தைப் பற்றித்தான்.

கொல்லக்கூடியது மாட்டு உண்ணி மருந்து. எல்லா மருந்தும் அல்ல. அமிட்ராஸ் என்ற மருந்து சேர்ந்தது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக அது தாராளமாக விற்கிறது, மாடு தாங்கிக்கொள்ளும். குதிரைக் குடல் தாங்காது. குடலின் அசைவு நின்று லத்தி கட்டிக்கொள்ளும், குதிரை வயிற்றுவலியில் விழுந்து புரளும். மேலே ஊற்றினதுதானே, உள்ளே எப்படிப் போச்சு என்று கேட்காதீர்கள். தோல் வழியாகப் போகும், நக்கினாலும் போகும். பாட்டிலில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவனையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடையில் ‘குதிரைக்கு’ என்று சொல்லியே வாங்குங்கள். பெர்மெத்ரின் வகை மருந்துகள் குதிரைக்கு ஆகும், ஆனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயலுக்கு அடிக்கும் சரக்கை அந்த வகைதானே என்று ஊற்றக் கூடாது. மிச்சத்தைச் சாக்கடையிலோ கடலிலோ கொட்டினால் மீனுக்கு விஷம். பூண்டு தின்னக் கொடுத்தால் ஈ வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது. தினமும் நிறையப் பூண்டு தின்ற குதிரைக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து சோகை வரும். ஈ வராமல் போவதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

வால் அடியிலும் பின்தொடை இடுக்கிலும் பக்கவாட்டில் ஓடி ஒளியும் தட்டை ஈயை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தோல் போலக் கெட்டியானது, அடித்தால் சாகாது. இது முட்டையிடுவதில்லை, ஒரு நேரத்தில் ஒரே புழுவை வயிற்றிலேயே வளர்த்து ஈனும். குறைவாகப் பெறுவதால் கையால் பிடித்து ஒழிப்பது இந்த ஒரு ஈக்குத்தான் பலன் தரும். தேய்த்துவிடும்போது தினமும் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முன்னங்கால் முடியில் மஞ்சளாக, எள்ளைவிடச் சின்னதாக ஒட்டியிருப்பவை இன்னொரு ஈயின் முட்டை. குதிரை காலை நக்கும்போது அந்தப் புழு வாய்க்குள் போய் வயிற்றுச் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வளரும். மழுங்கின கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், குடற்புழு மருந்து கொடுக்கும் நேரத்தில் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

புண் விஷயத்தில் நாள் கடத்தாதீர்கள். சேணம் உரசிய சின்னச் சிராய்ப்பு போதும், ஈ அதில் புழு வைத்துவிடும். சீத்தாப்பழ இலையை அரைத்து முதல் நாள் புண்ணில் வைப்பதும், தேங்காயெண்ணெயில் பச்சைக் கற்பூரம் கலந்து விடுவதும் மாட்டுக்கு நம் ஊர் அறிந்த வைத்தியம். புழு வெளியே வரும். ஆனால் உள்ளே ஆழமாகப் புழு துளைத்திருந்தால் வீட்டுவைத்தியம் போதாது, கிளீன் பண்ணித்தான் ஆக வேண்டும். இன்னொரு வகைப் புண் கோடையில் வந்து, பனிக்காலத்தில் ஆறி, அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்பும். சிவந்த சதை வளர்ந்து, உள்ளே மஞ்சளாகக் குருணை குருணையாக இருக்கும், கண் மூலையிலும் வரும். குதிரையின் வயிற்றில் இருக்கும் ஒரு புழுவின் குஞ்சு லத்தி வழியாக ஈக்குள் போய், ஈ புண்ணில் உட்காரும்போது இறங்கிவிடுவதால் வருவது அது. மேலே எந்தக் களிம்பு போட்டாலும் ஆறாது. வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுத்தால்தான் போகும். லத்தி, ஈ, புண் மூன்றும் எப்படிக் கோத்துக்கொள்கின்றன பாருங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்குச் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் ஏரிக்கரை ஊர்களுக்குக் குதிரை ஏற்றிப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே தேனீயைவிடப் பெரிய, பச்சைக் கண்ணோடு வரும் மாட்டு ஈ தோலைக் கத்தி போலக் கிழித்து வழியும் ரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் குதிரை உதறும். பாதி குடித்த ஈ எழுந்து, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு பக்கத்தில் நிற்கும் விலங்கின் மேல் உட்காரும். சர்ரா என்ற காய்ச்சல் இப்படித்தான் பரவுகிறது. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் செத்துக்கொண்டிருந்த குதிரைகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அதில் துள்ளிய கிருமியைக் கண்டார். கிருமிக்கு இன்றும் அவர் பெயர்தான். காய்ச்சல் வந்து வந்து போகிறது, தின்றாலும் இளைக்கிறது, கண் உட்சவ்வு வெளுக்கிறது, காலும் அடிவயிறும் வீங்குகின்றன என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி மருந்து இருக்கிறது. முடிவு வரும்வரை அந்தக் குதிரையை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாமல் நன்றாக விலக்கிக் கட்டுங்கள். பாதியில் கலைந்த ஈ அடுத்து நிற்பதைத்தான் தேடும், தூரமிருந்தால் பெரும்பாலும் பழைய குதிரைக்கே திரும்பிவிடும்.

இந்தப் பெரிய ஈக்குக் கறுப்புக் குதிரையும் கருஞ்சிவலையும்தான் பிடித்தவை. ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்ற இயற்பியலாளரின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் குதிரையை அது குறைவாகவே நாடுவதாகக் கண்டார்கள். கரிய தோலில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒத்திருப்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 2019-இல் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். ஈ வருவது குறையவில்லை, உட்கார்வது மட்டும் வெகுவாகக் குறைந்தது. மூடாத தலையில் வழக்கம்போல உட்கார்ந்தன. அதே ஆண்டு ஜப்பானில் கறுப்புப் பசுக்களுக்கு வெள்ளைக் கோடு வரைந்தபோது கடிக்கும் ஈ ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்த ஆய்வாளர்களுக்கு 2025-இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. வேட்டியில் கறுப்புத் துணிப் பட்டை வைத்துத் தைப்பது தையல்காரருக்குப் பெரிய வேலையில்லை. சுண்ணாம்பையோ பெயின்டையோ குதிரை மேல் பூச மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வரிக்குதிரை சவாரி என்று சொல்லிப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்பங்கழி ஓரமாகக் குதிரை கட்டுகிறவர்கள் பெரிய ஈக்கு ஒரு பொறியும் செய்யலாம். பளபளப்பான பெரிய கறுப்புப் பந்து ஒன்றை வெயில் படும் இடத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். அது சூடாகி, காற்றில் ஆடும். மாடோ குதிரையோ என்று நினைத்து ஈ வந்து சுற்றும். பந்துக்கு மேலே கொசுவலையைக் கூம்பாகக் கட்டி உச்சியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால், உட்கார்ந்து ஏமாந்த ஈ வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறிப் பாட்டிலுக்குள் போய்விடும். குதிரைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், தண்ணீருக்கும் குதிரைக்கும் நடுவில் கட்டுங்கள். வீட்டு ஈக்காக மீன் தலையும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைக்கும் பாட்டில் பொறிக்கும் அதே விதிதான், எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பந்தைக் கொஞ்சம் உயரமாகக் கட்டுங்கள். கடற்கரையில் கறுப்புப் பந்து தொங்கினால் ஈக்கு முன்னால் கிரிக்கெட் பசங்க வந்துவிடுவார்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவமனை ஊழியர் ஒருவர்